விழுந்த ஹார்ட் டிஸ்க்குக்கு 38,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியதன் சுருக்கம்: "கல்யாணப் படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒயர் காலில் மாட்டி, 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து தரையில் விழுந்துவிட்டது. முதலில் டிரைவ் காட்டியது, ஆனால் ஃபோல்டர் திறக்கவே ரொம்ப நேரம் எடுத்தது. உள்ளூர் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன். ராத்திரி முழுக்க ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினார்கள், காலையில் பார்த்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். சென்னையில் டேட்டா மீட்கும் லேப் ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன், ஹெட் போய்விட்டது, 38,000 ஆகும் என்றார்கள். இன்னொருவர் போனிலேயே 8,000க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு மாற்றினால் 2,500 தான் என்று நண்பர் சொல்கிறார். புது டிரைவே 7,000 தானே சார்? இதில் மூன்று கல்யாணம் இருக்கிறது, என் மகள் காதுகுத்துப் படங்களும் இதில்தான். யாரை நம்புவது?"

வணக்கம். முதல் காரியமாக, ஒரு முடிவுக்கு வரும்வரை அந்த டிரைவை இனி எதிலும் சொருகாதீர்கள். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன, ஒருவேளை வந்துவிட்டால், என்று கை பரபரக்கும். இப்போது அதற்குள் இருக்கும் நிலைமையில் கரண்ட் போகிற ஒவ்வொரு விநாடியும் உங்கள் படங்களுக்கு ஆபத்து, மீட்பதற்கான செலவும் அதோடு சேர்ந்து ஏறும். சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த மூன்று விலையும் ஏன் அப்படி இருக்கிறது என்பது உங்களுக்கே புரிந்துவிடும். உங்கள் டிரைவைப் போன்ற 2 டிபி போர்ட்டபிளில் பெரும்பாலும் டேட்டா பதியும் இரண்டு தட்டுகள், அவற்றின் மேலும் கீழுமாக அதை எழுதிப் படிக்கும் நான்கு ஹெட்டுகள் இருக்கும். தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஹெட் தட்டைத் தொடுவதில்லை, சில நானோமீட்டர் இடைவெளியில் காற்று மெத்தையில் மிதக்கிறது. நம் தலைமுடியின் பருமன் சுமார் 70,000, 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவ் அணைந்திருக்கும்போது ஹெட்டுகள் தட்டை விட்டு விலகி ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சரிவில் ஏறி உட்கார்ந்துவிடும், அதனால் அணைந்த டிரைவ் விழுந்தால் பல நேரம் தப்பித்துக்கொள்கிறது. உங்களுடையது காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தது. அந்த அதிர்ச்சியில் ஹெட் தட்டில் மோதியிருக்கிறது, ஒன்றோ இரண்டோ அடிபட்டு பலவீனமாகியிருக்கிறது, ஆனால் முழுசாகச் சாகவில்லை. அதனால்தான் விழுந்த உடனே டிரைவ் காட்டியது, ஆனால் மெதுவாக.

அந்த நேரம்தான் பொன்னான நேரம். அப்போதே நிறுத்தி லேபுக்குக் கொண்டுபோயிருந்தால் ஹெட் மாற்றாமலேயே, பலவீனமான ஹெட்டைத் தனியாக ஒதுக்கிவைத்து மற்றவற்றிலிருந்து முதலில் படித்து எடுத்திருக்கலாம், பாதி விலைக்குள் முடிந்திருக்கவும் வாய்ப்புண்டு. சாஃப்ட்வேர் ஓட்டிய கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அவரிடம் தினமும் வருவது தவறுதலாக டெலிட் ஆனது, ஃபார்மேட் ஆனது போன்ற கேஸ்கள், அதற்கு அந்த சாஃப்ட்வேர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சாஃப்ட்வேர் நினைத்துக்கொள்வது டிரைவ் ஆரோக்கியமாக இருக்கிறது, ஃபைல் மட்டும்தான் தொலைந்திருக்கிறது என்று. படிக்க முடியாத இடம் வந்தால் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும், டிரைவும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், அடிபட்ட ஹெட் அதே இடத்தில் மணிக்கணக்கில் உரசும். ராத்திரி முழுக்க இது நடந்தால் காலையில் டிக் டிக்தான்.

அந்த டிக் டிக் என்பது, தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டிக் குறிகளை ஹெட்டால் படிக்க முடியாமல், ஹெட்டைத் தாங்கும் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் முட்டித் திரும்பும் சத்தம். சில தடவை முயன்றுவிட்டு மோட்டார் நின்றுவிடும். உர்ர் என்று உரசும் சத்தமோ கிறீச்சோ இல்லாமல் டிக் டிக் மட்டும்தான் என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல செய்தி. உரசல் சத்தம் என்றால் தட்டின் காந்தப் பூச்சே உரிந்து போகிறது என்று அர்த்தம். உங்களுடையதைப் போன்ற 2.5 இஞ்ச் டிரைவ்களில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் அது வளையமாக ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். சில டிரைவ்களைத் திறந்தால் அந்த வளையத்தின் வழியாக அடியில் இருப்பதே தெரியும், ஃபில்டரில் கறுப்புத் தூள் அப்பியிருக்கும். அந்தத் தூள்தான் ஒரு காலத்தில் படங்களாக இருந்தது. அதை உலகத்தில் யாராலும் திரும்பத் தட்டில் ஒட்டவைக்க முடியாது, எத்தனை லட்சம் கொடுத்தாலும் சரி.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன 2,500 ரூபாய் யோசனை. போர்டு, அதாவது டிரைவின் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகை, அதை மாற்றி டிரைவ் பிழைத்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது, இருபது வருடத்துக்கு முந்தைய டிரைவ்களில் அது நடக்கும். இப்போதுள்ள டிரைவ்களில் ஒவ்வொன்றுக்கும் அதன் ஹெட்டுகளுக்கு ஏற்றபடி ஃபேக்டரியில் அளந்து எழுதிய தனி அளவுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன, வேறு போர்டைப் போட்டால் அந்த அளவுகள் மாறிப்போகும். போர்டு நிஜமாகவே எரிந்திருந்தாலும் பழைய ரோமைக் கழற்றிப் புது போர்டில் சால்டர் செய்தோ, உள்ளிருப்பதை எழுதியோதான் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், உங்களுக்குப் போர்டில் கோளாறே இல்லை. தட்டு சுற்றுகிறது, ஹெட் தேடுகிறது, என்றால் போர்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. தவறான போர்டோடு டிரைவை ஓட்டினால் கூடுதல் சேதம்தான் மிச்சம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைத்திறமைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், லேப்டாப் போர்டு சரிசெய்ய நானே ஆட்களை அங்கே அனுப்புவேன், ஆனால் இது அங்கே முடிகிற கோளாறு இல்லை. கடை மேஜையில் ஃபேனுக்கு அடியில் டிரைவின் மூடியைக் கழற்ற மட்டும் யாரையும் விடாதீர்கள்.

8,000 ரூபாய்க்காரர் விஷயத்துக்கு வருவோம். டிரைவைக் கண்ணால் பார்க்காமல் போனில் சொல்லும் விலை விலையே கிடையாது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. டெலிட் ஆன ஃபைலை எடுக்கும் விலையை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது சிலரின் வழக்கம். டிரைவ் அவர் கைக்குப் போய், மூடி திறந்த பிறகு "உள்ளே டேமேஜ் அதிகம் சார், 30,000 ஆகும்" என்று வரும். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டு போகவும் உங்களால் முடியாது, ஏனென்றால் ஒருவர் திறந்த டிரைவ் என்றாலே அடுத்த லேப் விலையை ஏற்றும், சில லேப் தொடவே மாட்டாது. தூசு போயிருக்கலாம், விரல் ரேகை பட்டிருக்கலாம், திருகை மாற்றி முறுக்கியிருக்கலாம், எதுவும் அவர்களுக்குத் தெரியாது. டிக் டிக் சத்தம் வரும் 2 டிபி போர்ட்டபிளை 8,000க்குள் முறையாக மீட்டு லாபமும் பார்க்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெட் மாற்ற வேண்டும் என்றால் அதே வகை டிரைவ் ஒன்று வேண்டும், உறுப்பைத் தானம் தருவது என்ற பொருளில் தொழிலில் அதை டோனர் என்போம். லேபிளில் மாடல் நம்பர் ஒன்றாக இருந்தால் போதாது. தயாரித்த காலம், தயாரித்த நாடு, உள்ளே ஹெட்டோடு இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையரின் வகை, எத்தனை ஹெட் எந்த வரிசையில் என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும், அப்படியும் சில சமயம் ஒத்துழைக்காது. உங்கள் கணக்கில் புது டிரைவ் 7,000 என்றால் டோனருக்கும் கிட்டத்தட்ட அந்த விலை ஆகும், மார்க்கெட்டில் நின்றுபோன மாடலாக இருந்தால் அதற்கு மேலேயும் போகும். தட்டில் கீறல் கொஞ்சம் இருந்தால் புதிதாகப் போட்ட ஹெட்டும் பாதி வழியில் போய்விடும், அப்போது இரண்டாவது டோனர். டோனர் என்பது ஒரு தடவை உபயோகம், அந்த வேலையோடு அது குப்பை.

மாற்றும் வேலை நடக்கும் இடம் கிளாஸ் 100 என்று சொல்லும் சுத்தமான காற்றில் இருக்க வேண்டும், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேலான துகள் 100க்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் கணக்கு. இதற்காக முழு அறையையே அப்படி வைக்க வேண்டிய அவசியமில்லை, வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் மேஜை போதும், விளம்பரத்தில் விண்வெளி வீரர் உடையில் நிற்பவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க மாடலுக்கு மாடல் தனியான சீப்பு போன்ற கருவியைச் செருகித்தான் வெளியே எடுப்போம். தவறி ஒன்று இன்னொன்றில் இடித்தால் டோனர் போச்சு.

ஹெட் மாற்றியதும் படங்கள் கொட்டிவிடும் என்று நினைக்கிறார்கள், பெரிய வேலையே அதற்குப் பிறகுதான். டிரைவ் தன்னைப் பற்றிய விவரங்களைத் தட்டிலேயே ஒரு மறைவான பகுதியில் எழுதி வைத்திருக்கும், அது கெட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு பிசி-3000 போன்ற கருவிகள் இருக்கின்றன, ஒரு செட்டுக்குப் பல லட்சம் ஆகும். இப்போதைய 1 டிபி, 2 டிபி போர்ட்டபிள்களில் டிராக்குகளை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல எழுதுகிறார்கள், அதற்காக எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற ஒரு கூடுதல் அட்டவணையும் உள்ளே உண்டு. அது கெட்டால் ஹெட் நன்றாக இருந்தும் எல்லாம் வெறும் சைபராகப் படிக்கும். மை பாஸ்போர்ட், எலிமென்ட்ஸ் போன்ற டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) போர்ட்டபிள்களில் யூஎஸ்பி சாக்கெட் போர்டிலேயே சால்டர் செய்திருக்கும், பல மாடல்களில் நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது ரகசியக் குறியீடாக மாறித்தான், தட்டில் ஏறும். அதற்கும் தனி வழி தேட வேண்டும். நீங்கள் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை லேபிடம் சொல்லிவிடுங்கள், மறைத்தால் வேலையும் செலவும் வீண்.

அப்புறம் நேரம். நல்ல டிரைவில் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியைக் காப்பி எடுக்க ஐந்தரை மணி நேரம். அடிபட்ட தட்டில் மாற்று ஹெட்டோடு 1 எம்பி வேகம்தான் வருகிறது என்றால் முழுவதும் படிக்க 23 நாள், அதுவும் இரவு பகலாக ஓடினால். ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்து, எந்த ஹெட் திணறுகிறது என்று பார்த்து, அதை நிறுத்திவிட்டு மற்றவற்றை முதலில் முடித்து, கடைசியில் திணறுவதைத் தொட்டு, இப்படித்தான் போகும். இதோடு, "டேட்டா வராவிட்டால் காசு வேண்டாம்" என்று சொல்லும் லேப், வராமல் போன வேலைகளின் நஷ்டத்தை வந்த வேலைகளின் பில்லில்தான் சேர்த்தாக வேண்டும்.

இதெல்லாம் சேர்த்துத்தான் உங்கள் 38,000. நம் ஊர்ப்பக்கம் இப்போது நான் பார்க்கும் சுமாரான விலைகளைச் சொல்கிறேன், லேபுக்கு லேப் ஏறி இறங்கும். டிரைவ் நன்றாக இருந்து டெலிட், ஃபார்மேட் மட்டும் என்றால் 3,000 முதல் 8,000. போர்டு, உள் மென்பொருள் கோளாறு என்றால் 7,000 முதல் 15,000. ஹெட் மாற்றும் வேலை 18,000 முதல் 45,000 வரை, தட்டில் கீறல் இருந்தால் அதற்கும் மேல். ஆக உங்களிடம் கேட்டது கொஞ்சம் மேல் கையில் இருந்தாலும் கொள்ளை கிடையாது. டிரைவ் எத்தனை டிபி என்பதை மட்டும் வைத்து யாராவது விலை சொன்னால் யோசியுங்கள், விலை முக்கியமாகக் கோளாறைப் பொறுத்தது, அளவு இரண்டாம் பட்சம்.

ஆனாலும் நாளைக்கே பணத்தைக் கட்டாதீர்கள். அந்த மூன்று கல்யாணமும் வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று முதலில் தேடுங்கள், ஸ்டுடியோக்காரர்கள் பதற்றத்தில் மறந்துவிடும் விஷயம் இது. கேமராவின் மெமரி கார்டுகளை இன்றே ஒதுக்கி வையுங்கள், பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிடுங்கள், அவற்றில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். கேமராவிலேயே ஃபார்மேட் செய்திருந்தாலும் பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் அழியும், மேலே புதுசாக எடுத்து நிரப்பாத வரைக்கும் பழைய படங்கள் அடியில் இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், கேமரா சுருக்காமல் பதியும் ரா ஃபைல்களையும் கண்டுபிடிக்கும், எடுத்ததை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் உள்ளூர்க் கடைக்காரரே இதைச் செய்து தந்துவிடுவார். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டாவது கார்டையும் பாருங்கள்.

ஆல்பம் டிசைன் செய்பவருக்கு அனுப்பியிருந்தால் தேர்ந்தெடுத்த படங்கள் முழு அளவில் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும், பிரின்ட் போடும் லேபிலும் சில நாளைக்கு வைத்திருப்பார்கள், இன்றே போன் செய்து அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீடியோவும் டிரோனும் வேறு ஆட்கள் எடுத்திருந்தால் அவர்களிடம் மூலம் இருக்கும். எல்ஈடி ஸ்கிரீன் போட்ட மண்டபம் என்றால் மிக்ஸிங் யூனிட்டில் பதிவு செய்திருக்கலாம், கேளுங்கள். யூடியூபில் லைவ் போயிருந்தால் அந்த வீடியோ சேனலிலேயே இருக்க வேண்டும், முகூர்த்த நேரம் முழுசாகக் கிடைத்துவிடும். கூட வந்த அசிஸ்டென்ட் கேமராவின் கார்டையும் கேளுங்கள். இப்படித் தேடியதில் மூன்றில் இரண்டு கல்யாணம் கிடைத்துவிட்டது என்றால் நீங்கள் லேபிடம் கேட்பதே மாறிவிடும். "இந்த ஒரு ஃபோல்டரும் மகள் காதுகுத்து ஃபோல்டரும் மட்டும் போதும்" என்று சொன்னால் முழு டிரைவையும் படிக்காமல் அந்த இடங்களை மட்டும் குறிவைத்து எடுக்க முடியும். புதிதாகப் போட்ட ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாத நிலையில், வேண்டியதை முதலில் எடுப்பதுதான் பத்திரம். விலையிலும் கொஞ்சம் குறைத்துக் கேட்க இடம் உண்டு. ஃபோல்டர் பெயர்கள், கல்யாணத் தேதிகள், கேமரா மாடல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

லேபிடம் எழுத்தில் வாங்க வேண்டியதும் உண்டு. டோனர் விலை 38,000க்குள் அடங்குமா, இரண்டாவது டோனர் தேவைப்பட்டால் யார் காசு, 18 சதவீதம் ஜிஎஸ்டி இதற்குள்ளா வெளியேவா, திறந்து பார்த்துவிட்டு முடியாது என்றால் எவ்வளவு கட்ட வேண்டும். டேட்டா வராவிட்டால் காசு இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், ஆனால் டேட்டா வந்தது என்றால் என்ன என்று கேளுங்கள், ஏனென்றால் பத்து வருடத்துக்கு முந்தைய பாட்டுகளும் நாலு பிடிஎஃபும் வந்தாலே வெற்றி என்று பில் போடும் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் குறித்துக் கொடுத்த ஃபோல்டரின் ஃபைல் பட்டியலைக் காட்டி, அதில் நீங்கள் சொல்லும் படங்களைத் திறந்தும் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். பட்டியலில் பெயர் மட்டும் வந்தால் போதாது, பெயர் இருக்கும், திறந்தால் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். எந்த ஹெட் போயிருக்கிறது, தட்டு எப்படி இருக்கிறது என்று மைக்ராஸ்கோப் படம் கேட்டால் நல்ல லேப் தரும். வேலை அங்கேயே நடக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்பதையும் கேளுங்கள், பல நகரங்களில் இருப்பது வாங்கி அனுப்பும் ஆபீஸ் மட்டும்தான். அர்ஜென்ட் என்று சொல்லி அதிகம் கட்ட வேண்டாம், ஆல்பம் ஒரு மாதம் தள்ளிப்போவது பெரிய நஷ்டமில்லை.

இன்னொன்று, அதில் இருப்பது மற்றவர் வீட்டுப் பெண்களின் படங்கள். ரகசியம் காப்பது, உங்களிடம் ஒப்படைத்தபின் எத்தனை நாளில் தங்கள் பிரதியை அழிப்பார்கள் என்பது, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் இடத்தில் டிரைவைக் கொடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

என்ன கிடைக்கும் என்பதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஹெட்டில் ஒன்று பயன்படாமலே போனாலும் கிட்டத்தட்ட முக்கால்வாசி டேட்டாவைப் படிக்க முடியும், ஆனால் அது எல்லா ஃபைலிலும் ஒரே மாதிரி விழாது. 30 எம்பி ரா ஃபைல்கள் சின்னவை, அதனால் பெரும்பாலானவை முழுசாகவே தப்பிக்கும், சில மட்டும் அடியோடு போகும். 10 ஜிபி வீடியோ அப்படித் தப்பிக்காது, நடுநடுவே ஓட்டை விழும். பல கேமராக்கள் வீடியோவின் உள் அட்டவணையை ஃபைலின் கடைசியில் எழுதுகின்றன, அந்த இடம் போனால் மீதி இருந்தும் ஓடாது. அப்போதும் அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை வைத்துச் சரிசெய்து பார்க்கலாம், அப்படி ஒன்றை எடுத்து லேபுக்குக் கொடுத்துவையுங்கள்.

பணம் இப்போது கையில் இல்லை, அல்லது கிடைத்த பிரதிகளே கல்யாண வீட்டாருக்குப் போதும், மகள் படம் மட்டும்தான் பாக்கி என்றால், தாராளமாகத் தள்ளிப்போடலாம். இதை லேப்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்: ஓடாமல் கிடக்கும் டிரைவில் தட்டில் எழுதியது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட அப்படியே இருக்கும். சீல் செய்த கவரில் போட்டு, ஈரமும் சூடும் படாத பீரோவில் வையுங்கள். மிகப் பல வருடம் விட்டால் டோனர் கிடைப்பது கஷ்டமாகும், ஆனால் சீட்டுப் பணம் எடுக்கும்வரை ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுப்பதில் தவறில்லை. கொலம்பியா விண்கலம் 2003இல் வானத்திலேயே உடைந்து விழுந்தபோது அதிலிருந்த சுமார் 400 எம்பி சீகேட் டிரைவ் ஒன்று கருகி, ரப்பர் சீல் உருகி, வறண்ட ஏரிப்படுகையில் ஆறு மாதம் கிடந்து கிடைத்தது. அதிலிருந்து ஏறக்குறைய எல்லா டேட்டாவையும் எடுத்தார்கள், அதிலிருந்த ஆய்வு முடிவுகள் 2008இல் வெளியாகின. அது தப்பித்ததற்கு முக்கியக் காரணம், விழும்போது தட்டு சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பார்த்தது இதற்கு நேர் எதிர். தண்ணீரில் மூழ்கிய டிரைவைக் காயவைத்து, ஹேர் டிரையர் போட்டு, கரண்ட் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்திருக்காது, சேறு தட்டில் காய்ந்து ஒட்டி, அதன்மேல் ஹெட் ஓடியதுதான் கெடுத்தது. நனைந்த டிரைவை ஈரத்துணியில் சுற்றி காற்றுப் புகாத பையில் போட்டு அப்படியே கொண்டுவர வேண்டும். ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் தட்டில் பனித்துளி படியும், அதன்மேல் ஹெட் ஓடினால் இருந்ததும் போய்விடும். அரிசி டப்பாவில் போடுவதும் வேண்டாம்.

டிரைவ் வாங்கிய அட்டைப் பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். வாரன்டியில் புது டிரைவ்தான் தருவார்கள், டேட்டா தரமாட்டார்கள், அதை நம்பி அனுப்பிவிட்டால் பழைய டிரைவ் திரும்பியே வராது. ஆனால் சீகேட்டின் சில மாடல்களோடு ரெஸ்க்யூ என்ற பெயரில் டேட்டா மீட்புத் திட்டமும் சேர்ந்து வரும், உங்களுடையது அந்த வகையாக இருந்து காலம் முடியாமல் இருந்தால் இந்தச் செலவே மிச்சம். சீரியல் நம்பரை வைத்து அவர்களிடம் கேட்டுவிடுங்கள், லேபில் திறப்பதற்கு முன்னால்.

என் கருத்தைக் கேட்டால்: ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பிரதிகளைத் தேடுங்கள், இன்னொரு நல்ல லேபிலும் நேரில் காட்டி, திறக்காமல் பரிசோதித்து எழுத்தில் விலை வாங்குங்கள். ஒரு கல்யாணமாவது எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் 38,000 கொடுத்து எடுப்பது சரி. முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. அந்த வீட்டாரிடம் இப்போதே நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. ஆல்பம் எங்கே என்று அவர்கள் கேட்டு நீங்கள் மழுப்பி, பிறகு தெரியவந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போகிற விஷயம் அது. லேபின் கொட்டேஷன், பில், பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் முயற்சி எடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

சென்னைக்குக் கொண்டுபோவதானால் கூரியரைவிட நீங்களே பல்லவன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்து எடுத்துப் போவது மேல். முடியாவிட்டால் ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்ச் பபிள் ராப் சுற்றி, சின்னப் பெட்டிக்குள் வைத்து அதைப் பெரிய பெட்டிக்குள் ஆடாமல் வையுங்கள். ஒயரையும் கூடவே அனுப்ப வேண்டாம். உள்ளே ஒரு தாளில் விழுந்த தேதி, விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்தது என்பது, எந்த சாஃப்ட்வேர் எத்தனை மணி நேரம் ஓடியது, யாரும் திறக்கவில்லை என்பது எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள். உள்ளூர்க் கடையில் திறந்தார்களா என்று அவரிடமே ஒரு தடவை நேராகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இரண்டாவது லேப் என்ன சொன்னது என்று எனக்கும் அனுப்புங்கள், பரிசோதனை அறிக்கையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.